போர்க்காலம் தந்த இரண்டு அட்டைகள்



தாத்தா இரட்டைமலை சீனிவாசனின் நினைவைப் போற்ற நாம் பென்னலூரில் கூடியிருக்கிறோம். அவர் பிறந்த கோழியாளமும் நாம் நிற்கும் இந்த மண்ணும் அன்று ஒரே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தவை. 1945 செப்டம்பர் 18 அன்று அவர் மறைந்தபோது இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தப் போரின் முடிவோடு உலகின் பல நாடுகளில் ஒரு புதிய ஏற்பாடு பிறந்தது. மக்களின் பசி, நோய், முதுமை, வேலையின்மை ஆகியவற்றுக்கு அரசே பொறுப்பு என்று ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. அதைத்தான் நல அரசு என்கிறோம்.

இந்தியாவில் அந்த ஏற்பாட்டின் வேர்கள் 1942-க்கும் 1948-க்கும் இடையே ஊன்றப்பட்டன. ஊன்றியவர்களில் முதன்மையானவர் அண்ணல் அம்பேத்கர். அப்படியிருந்தும் அது நம் சேரிகளுக்கு முழுதாக வந்து சேராமல் நடுவழியில் நின்றது ஏன்? இந்தக் கேள்வியை இன்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி கடந்த காலத்தைப் பற்றியது போலத் தோன்றலாம். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று தொழிற்பேட்டைகள் சூழ்ந்திருக்கும் இந்தப் பகுதியில் அது அன்றாடக் கேள்வி. இங்கே ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ரேஷன் அட்டை இருக்கிறது. சில வீடுகளில் இ.எஸ்.ஐ. அட்டையும் இருக்கிறது. அந்தச் சில வீடுகளிலும் நோய் வந்த அன்று அந்த அட்டை வேலை செய்யுமா என்பது உறுதியில்லை. இரண்டு அட்டைகளும் ஒரே போரின் பிள்ளைகள். ஒன்று எல்லோருக்கும் வந்தது. மற்றது ஆலை வாசலோடு நின்றது. இந்த வேறுபாடு எப்படி உண்டானது என்று பார்த்தால் நம் கேள்விக்கான விடை பெரும்பகுதி கிடைத்துவிடும்.

போர் ஏன் நல அரசைப் பெற்றது?

அமைதிக் காலத்தில் அரசுக்கு ஏழையின் உடல் தேவையில்லை. போர் வந்தால் தேவை. படைக்கு ஆள் வேண்டும், ஆலைக்குக் கை வேண்டும், சுரங்கத்துக்கு முதுகு வேண்டும். பட்டினி கிடப்பவன் துப்பாக்கி தூக்க மாட்டான். நோயுற்றவள் இயந்திரம் ஓட்ட மாட்டாள். ஆகவே அரசு மக்களைக் கணக்கெடுக்கிறது, பதிவு செய்கிறது, பங்கிட்டு உணவு கொடுக்கிறது, வரியை உயர்த்துகிறது. ஆள் பற்றாக்குறையால் தொழிலாளரின் பேரம் பேசும் வலிமையும் கூடுகிறது. போர் முடிந்த பிறகு மக்கள் கேட்கிறார்கள்: கொல்வதற்கு இவ்வளவு திட்டமிட முடிந்த அரசால் வாழவைக்கத் திட்டமிட முடியாதா?

பிரிட்டனில் இந்தக் கேள்விக்கு விடையாக வந்தது 1942 டிசம்பரில் வெளியான பெவரிட்ஜ் அறிக்கை. வறுமை, நோய், அறியாமை, சுகாதாரக்கேடு, வேலையின்மை ஆகிய ஐந்தையும் வீழ்த்த வேண்டிய ஐந்து அரக்கர்களாக அது சொன்னது. 1945 தேர்தலில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. 1946-ல் தேசியக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. 1948 ஜூலை 5 அன்று தேசிய மருத்துவச் சேவை தொடங்கியது. மருத்துவமனைக் கதவைத் தட்டுகிறவரிடம் எந்த ஆலையில் வேலை, எத்தனை நாள் சந்தா என்று கேட்காத ஏற்பாடு அது. வரிப்பணத்தில் நடந்தது, எல்லோருக்கும் பொதுவானது. இந்த ஒரு செய்தியை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தப் போரின் செலவில் இந்தியாவுக்கும் பங்கு இருந்தது. போர் முடிந்தபோது பிரிட்டன் இந்தியாவுக்குத் தர வேண்டியிருந்த கடன் நூறு கோடி பவுண்டுக்கு மேல். இங்கிருந்து போன தானியம், துணி, உருக்கு, தோல், உழைப்பு எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம். அதே ஆண்டுகளில், 1943-ல், வங்காளப் பஞ்சத்தில் ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் மாண்டார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. மாண்டவர்களில் நிலமற்ற கூலிகளும் மீனவர்களும் கைவினைஞர்களும் மிகுதி. கல்கத்தாவின் ஆலைத் தொழிலாளருக்குப் போர் உற்பத்தி தடைபடக்கூடாது என்பதற்காக அரிசி ஒதுக்கப்பட்டது. கிராமத்துக் கூலிக்கு ஒதுக்கப்படவில்லை. போர்க்கால அரசு யாருடைய உயிரைத் தேவையான உயிராக எண்ணியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அந்தப் பஞ்சத்தின் அதிர்ச்சியில்தான் பங்கீட்டு முறை நாடெங்கும் நகரங்களில் விரிவடைந்தது. சென்னையிலும் 1943-ல் பங்கீடு வந்தது. நம் ரேஷன் அட்டையின் பிறப்பு அங்கே.

நான்கு ஆண்டுத் தொழிலாளர் துறை

1942 ஜூலையில் அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பை ஏற்றார். 1946 நடுப்பகுதி வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அவர் பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே, 1942 ஆகஸ்டில், அரசு, முதலாளிகள், தொழிலாளர் ஆகிய முத்தரப்பும் அமரும் தொழிலாளர் மாநாடு டெல்லியில் கூடியது. தொழிலாளரை அழைத்து எதிரில் உட்காரவைத்துப் பேசுவது ஒரு நிரந்தர அமைப்பாக ஆனது அப்போதுதான். வேலைவாய்ப்பகங்கள் உருவாயின. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதி 1944-ல் வந்தது. தொழிற்சாலையில் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கும் திருத்தம் 1946-ல் நிறைவேறியது. எட்டு மணி நேர வேலை என்று இன்று நாம் இயல்பாகச் சொல்வதற்குப் பின்னால் அந்தத் திருத்தம் இருக்கிறது.

அதே ஆண்டுகளில் அவர் நம் மக்களின் கோரிக்கையைத் தனியாகவும் எழுப்பினார். தாழ்த்தப்பட்டோரின் குறைகளைத் தொகுத்து 1942 அக்டோபரில் வைசிராயிடம் ஒரு விரிவான மனு கொடுத்தார். 1943-ல் மத்திய அரசுப் பணிகளில் 8.33 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. 1944-ல் பட்டியல் வகுப்பு மாணவர்களுக்கான மத்திய அரசின் கல்வி உதவித்தொகை தொடங்கியது. இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் பலர் இன்றும் வாங்கும் உதவித்தொகையின் தொடக்கம் ஒரு போர்க்கால அலுவலகத்தில் இருக்கிறது.

போர் கொடுத்தது மட்டுமல்ல, பறித்ததும் உண்டு. சுரங்கத்துக்குள் பெண்களை இறக்கக்கூடாது என்றிருந்த தடையை 1943-ல் அரசு நீக்கியது. நிலக்கரி போதவில்லை என்பது காரணம். இறங்கியவர்களில் தலித், ஆதிவாசிப் பெண்கள் மிகுதி. இந்த முடிவுக்கு மத்தியச் சட்டசபையில் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அம்பேத்கர் இருந்தார். தற்காலிக ஏற்பாடு என்று சொன்னார். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்ற விதி சுரங்கத்தில் நடைமுறையாவதை எடுத்துக்காட்டினார். 1946 பிப்ரவரியில் தடை மீண்டும் வந்தது. நல அரசின் வரலாற்றை வெறும் வெற்றிக் கதையாக நாம் படிக்கக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

இரண்டு அறிக்கைகள்

1943-ல் அரசு இரண்டு ஆய்வுகளைத் தொடங்கியது. தொழிலாளருக்கு நோய்க் காப்பீடு ஏற்படுத்துவது பற்றி ஆராயப் பேராசிரியர் பி.பி. அடார்கர் மார்ச் மாதம் நியமிக்கப்பட்டார். நாட்டின் மருத்துவ அமைப்பு முழுவதையும் ஆராய சர் ஜோசப் போர் தலைமையில் அக்டோபரில் ஒரு குழு அமைக்கப்பட்டது.

அடார்கர் 1944 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தார். பஞ்சாலை, பொறியியல், கனிமம்-உலோகம் ஆகிய மூன்று துறைகளின் தொழிலாளரிடமிருந்து தொடங்கலாம் என்றார். முதலாளியும் தொழிலாளியும் சந்தா கட்டுவது, அதிலிருந்து மருத்துவமும் நோய்க்கால ஊதியமும் கொடுப்பது என்பது அவர் வகுத்த முறை. பின்னர் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வல்லுநர்கள் அதை ஆண்டு முழுதும் இயங்கும் எல்லா ஆலைகளுக்கும் விரித்துப் பரிந்துரைத்தார்கள்.

போர் குழுவின் அறிக்கை 1946-ல் வந்தது. பணம் கொடுக்க இயலாததால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக்கூடாது என்பது அதன் அடிப்படை. அது தொடங்கிய இடம் கிராமம். ஆரம்ப சுகாதார நிலையம் என்ற எண்ணம் அங்கிருந்து வந்ததுதான்.

சுதந்திர இந்தியா எதை எடுத்துக்கொண்டது? அடார்கர் அறிக்கை சட்டமானது. 1948 ஏப்ரலில் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம், அதாவது இ.எஸ்.ஐ. சட்டம், நிறைவேறியது. அப்போது தொழிலாளர் அமைச்சர் பாபு ஜெகஜீவன் ராம். அதே ஆண்டில் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் தொழிற்சாலைச் சட்டமும் வந்தன. 1952-ல் வருங்கால வைப்புநிதிச் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் இ.எஸ்.ஐ. நடைமுறைக்கு வந்தது. 1955-ல் கோவை ஆலைத் தொழிலாளர் வழியாகத் தமிழகம் வந்து சேர்ந்தது. இந்தியாவின் தொழிலாளர் நலச் சட்டங்களுக்கு அடித்தளம் போட்ட இரண்டு அமைச்சர்களும் சேரியிலிருந்து வந்தவர்கள் என்பது பாடநூல்கள் அழுத்திச் சொல்லாத உண்மை.

போர் குழுவின் அறிக்கைக்கோ இத்தகைய சட்டம் கிடைக்கவில்லை. சுகாதார நிலையங்கள் மெல்ல மெல்ல வந்தன, அரசின் விருப்பத்துக்கும் நிதிநிலைக்கும் ஏற்ப வந்தன. பிரிட்டன் காப்பீட்டையும் பொது மருத்துவத்தையும் சேர்த்து நிறுவியது. இங்கே காப்பீடு உரிமையானது, பொது மருத்துவம் திட்டமானது. உரிமையை வழக்காடிப் பெறலாம். திட்டத்துக்கு மனுதான் போடலாம்.

இந்தப் பிரிப்பு நம்மை எங்கே நிறுத்தியது என்று பாருங்கள். 1948-ல் நம் மக்களில் பெரும்பாலோர் நெல் வயலில் இருந்தார்கள். பண்ணையாட்களாகவும் படியாட்களாகவும் இருந்தார்கள். செங்கல் சூளையில், கல் குவாரியில், தெருக்கூட்டும் வேலையில், தோல் பதனிடும் தொட்டியில் இருந்தார்கள். மின்விசையில் இயங்கி, இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும், பருவகாலம் சாராத ஆலை என்று சட்டம் கேட்ட முகவரி அவர்களில் பெரும்பாலோருக்கு இல்லை. விவசாயக் கூலியும் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் பட்டியலில் இருந்தது உண்மை. அந்தக் காகிதத்துக்கும் களத்து மேட்டுக்கும் இருந்த தூரத்தைக் கீழவெண்மணி அளந்து காட்டியது. 1968 டிசம்பர் 25 இரவில் 44 பேர் எரிக்கப்பட்டது கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் நடுவில். விவசாயத் தொழிலாளர் நியாயக்கூலிச் சட்டம் 1969-ல் வந்தது. ஆலைத் தொழிலாளிக்கு ஓர் அறிக்கை கொண்டுவந்ததை வயல் தொழிலாளிக்கு 44 உயிர்கள் கொண்டுவர வேண்டியிருந்தது.

ஒரு துறை இரண்டான கதை

சென்னை மாகாணத்துக்கு இதில் தனிக் கதை ஒன்று உண்டு. 1920-ல் இங்கே தொழிலாளர் ஆணையர் பதவி உருவானபோது ஆலைத் தொழிலாளரின் விவகாரமும் தாழ்த்தப்பட்ட மக்களின் முன்னேற்றமும் ஒரே அலுவலகத்தின் வேலையாக இருந்தன. வீட்டுமனை வாங்கித் தருவது, கிணறு வெட்டுவது, பள்ளி நடத்துவது எல்லாம் லேபர் டிபார்ட்மென்ட் செய்தது. சேரிப் பள்ளிகளை 'லேபர் ஸ்கூல்' என்றே மக்கள் அழைத்தார்கள். நம் பெரியவர்கள் சிலர் இன்றும் அப்படிச் சொல்லக் கேட்கலாம்.

வெள்ளை அதிகாரிகள் சாதியைப் புரிந்துகொண்டு செய்த ஏற்பாடு என்று இதைப் புகழ வேண்டியதில்லை. மிராசுதாரரைப் பகைக்காமல் எவ்வளவு செய்யலாமோ அவ்வளவுதான் செய்தார்கள். ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள் ஓர் உண்மை தெரியாமல் பதிந்திருந்தது. இந்த மண்ணில் பறையர் என்ற சொல்லும் கூலி உழைப்பாளி என்ற சொல்லும் பெரும்பாலும் ஒரே மனிதரைக் குறித்தன.

1949-ல் இந்தத் துறை பிரிந்தது. தொழிலாளர் துறை ஒரு பக்கம் போனது, அரிசன நலத்துறை மறுபக்கம் போனது. பின்னாளில் அதுவே ஆதிதிராவிடர் நலத்துறை ஆனது. பிரித்ததில் நிர்வாக வசதி இருந்திருக்கலாம். விளைவு வேறாக இருந்தது. தொழிலாளி என்றால் ஆலைக்குள் இருப்பவர், அவருக்குச் சட்டம், ஆய்வாளர், நீதிமன்றம். தலித் என்றால் சேரியில் இருப்பவர், அவருக்கு விடுதி, மனைப்பட்டா, தொகுப்பு வீடு. ஒருவருக்கு உரிமை, மற்றவருக்குச் சலுகை. ஒரே மனிதர் இரண்டாகவும் இருந்தால் அவருடைய கோப்பு எந்த மேசையில் இருக்கும்? நம் சேரியைச் சேர்ந்த ஒப்பந்தத் தொழிலாளர் இன்றும் தேடிக்கொண்டிருப்பது அந்த மேசையைத்தான்.

அண்ணல் கேட்டது வேறு

வாசலுக்கு உள்ளே உரிமை, வெளியே கருணை என்ற இந்த ஏற்பாடு நம் தலைவர்கள் கேட்டதல்ல. 1930-ல் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டத்தை முன்வைத்தார்கள். அதில் தனிப் பிரதிநிதித்துவத்தைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுகிறோம். வேறு இரண்டு பகுதிகள் இன்றைய தலைப்புக்கு முக்கியமானவை. ஒன்று, சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்பது. உரிமை கேட்டவருக்கு வேலை மறுப்பது, நிலம் மறுப்பது, பண்டம் மறுப்பது எல்லாம் அதில் அடங்கும். மற்றொன்று, தாழ்த்தப்பட்ட மக்களின் கல்வி, சுகாதாரம், அரசுப்பணி ஆகியவற்றுக்குப் போதிய ஏற்பாடு செய்வது அரசின் சட்டக் கடமையாக வேண்டும் என்பது. அந்தக் கடமையில் அரசு தவறினால் மேல்முறையீடு செய்ய வழி இருக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். பெவரிட்ஜ் அறிக்கைக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, நலம் என்பது கேட்டுப் பெறும் உரிமை, அதைப் புறக்கணிப்பது முறையிடத்தக்க குறை என்று இருவர் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இந்த மாவட்டத்துக்காரர்.

1947-ல் அம்பேத்கர் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தை எழுதினார். முக்கியத் தொழில்களும் காப்பீடும் அரசின் கையில் இருக்க வேண்டும், வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஆயுள் காப்பீடு கட்டாயமாக வேண்டும், விவசாயம் அரசுத் தொழிலாகி நிலம் சாதி வேறுபாடின்றிக் கூட்டுப் பண்ணைகளுக்குத் தரப்பட வேண்டும் என்றார். இவற்றை நாடாளுமன்றப் பெரும்பான்மை மாற்ற முடியாதபடி அரசியலமைப்பிலேயே எழுத வேண்டும் என்றார். இங்கே 'வயது வந்த ஒவ்வொருவர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆலை வாசல் அதில் இல்லை.

அந்தத் திட்டம் அரசியலமைப்பில் ஏறவில்லை. ஏறியது வழிகாட்டு நெறிகள். வேலையின்மை, முதுமை, நோய் ஆகியவற்றில் அரசின் உதவி பெறும் உரிமையை 41-ஆம் பிரிவு பேசுகிறது. நியாயமான வேலைச் சூழலையும் மகப்பேற்று உதவியையும் 42-ஆம் பிரிவு பேசுகிறது. வாழ்க்கைக்குப் போதிய கூலியை 43-ஆம் பிரிவு பேசுகிறது. ஆனால் இவற்றை நீதிமன்றம் வழியாகச் செயல்படுத்த முடியாது என்று 37-ஆம் பிரிவு கதவை மூடுகிறது. 1930-ல் கேட்ட மேல்முறையீட்டு வழி 1950-ல் கிடைக்கவில்லை.

ஆலை நம் ஊருக்கு வந்தபோது

அப்படியானால் ஆலை நம் பக்கத்திலேயே வந்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமே என்று தோன்றும். வந்தது. 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டைக்குக் கார் ஆலை வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் கைப்பேசி, மின்னணு ஆலைகள் ஸ்ரீபெரும்புதூருக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் வந்தன. ஒரகடம் வாகன ஆலைகளின் ஊரானது. 1948-ன் சட்டம் எதிர்பார்த்த ஆலை வாசல் நம் வயல்வெளியிலேயே நட்டுவைக்கப்பட்டது.

முதலில் நிலம் போனது. 1894-ன் நிலமெடுப்புச் சட்டம் நிலத்தில் உரிமை உடையவருக்கு இழப்பீடு தந்தது. அந்த நிலத்தில் நாற்று நட்டவருக்கும் களை பறித்தவருக்கும் அது எதையும் தரவில்லை. இந்த மாவட்டத்தில் நமக்கு நிலம் இல்லாமல் போனது தற்செயல் அல்ல. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்கீர் எழுதிய அறிக்கையின் தொடர்ச்சியாக 1892-ல் பஞ்சமருக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. ஒதுக்கிய நிலம் எப்படிக் கைமாறியது என்பது நாடறிந்த கதை. அதைத் திரும்பக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபரில் காரணையை ஒட்டி ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். நிலம் நம்மிடம் நிலைத்திருந்தால் தொழிற்பேட்டைக்கான இழப்பீட்டு வரிசையில் நாமும் நின்றிருப்போம்.

பிறகு வேலை வந்தது. நிரந்தர வேலை, பயிற்சியாளர் வேலை, ஒப்பந்த வேலை என்று ஒரே கூரையின் கீழ் பல படிகள் வந்தன. துப்புரவு, கேன்டீன், பொருள் ஏற்றி இறக்குதல், தோட்டம், காவல் என்று ஒப்பந்தத்தில் விடப்படும் வேலைகளில் நம் சேரிகளின் முகங்களை அடையாளம் காண நமக்குக் கணக்கெடுப்பு தேவையில்லை. ஷிப்ட் பேருந்து வந்து நிற்கும் இடத்தில் அரைமணி நேரம் நின்றால் போதும்.

இங்கே இ.எஸ்.ஐ. எப்படி இயங்குகிறது என்று கொஞ்சம் நுணுக்கமாகப் பார்ப்போம். மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர் இதில் வருவார். ஊதியத்தில் 0.75 விழுக்காடு தொழிலாளியும் 3.25 விழுக்காடு முதலாளியும் கட்ட வேண்டும். வேலையில் சேர்ந்த நாள் முதல் மருத்துவம் உண்டு. வேலையில் காயம் பட்டால் 90 விழுக்காடு ஊதியம், அதற்குக் குறைந்தபட்ச சந்தா நாள் என்ற நிபந்தனை இல்லை. நோயுற்று வேலைக்குப் போக முடியாவிட்டால் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 விழுக்காடு ஊதியம். மகப்பேற்றுக்கு 26 வாரம் முழு ஊதியம். நல்ல சட்டம் இது. இதைக் குறைத்துப் பேச நமக்கு மனமில்லை.

ஆனால் நோய்க்கால ஊதியம் பெற ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. ஒரு பெண் ஏப்ரலில் ஓர் ஒப்பந்ததாரரிடம் சேர்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். 60 நாள் வேலை செய்ததும் அந்த ஒப்பந்தம் முடிகிறது. அதே ஆலையில், அதே துடைப்பத்தோடு, அடுத்த ஒப்பந்ததாரரின் சட்டையில் வேலையைத் தொடர்கிறார். புதியவர் சந்தா கட்டவில்லை, அல்லது வேறு புதிய எண்ணில் பதிகிறார். அந்தப் பெண் ஆறு மாதமும் உழைத்திருக்கிறார். கணக்கு 60 நாள் என்கிறது. ஏப்ரல்–செப்டம்பர் சந்தாவுக்கான பலன் காலம் ஜனவரியில் தொடங்குகிறது. அப்போது அவர் மஞ்சள் காமாலையில் படுத்தால் நோய்க்கால ஊதியம் இல்லை. யாரும் சட்டத்தை மாற்றவில்லை. இடையில் ஒரு பெயர்ப்பலகை மாறியது, அவ்வளவே.

பயிற்சியாளர் நிலை இன்னும் நுட்பமானது. 1961-ன் தொழிற்பழகுநர் சட்டம் தன் கீழ் வரும் பழகுநரைத் தொழிலாளி அல்ல, பயில்பவர் என்கிறது. இ.எஸ்.ஐ. சட்டத்திலும் அவர் இல்லை. ஐ.டி.ஐ., டிப்ளமா முடித்த நம் பிள்ளைகள் இயந்திரத்தின் முன் எட்டு மணி நேரம் நிற்கிறார்கள். காப்பீட்டுக் கணக்கில் மட்டும் அவர்கள் மாணவர்கள்.

அடார்கர் சேர்க்காமல் விட்ட மற்றொன்று வேலையின்மை. 2014 நவம்பர் 1 அன்று ஸ்ரீபெரும்புதூரின் பெரிய கைப்பேசி ஆலை மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வெளியே வந்தார்கள். பெவரிட்ஜ் சொன்ன ஐந்தாவது அரக்கன் அன்று நெடுஞ்சாலையில் நின்றான். பலர் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள். 2021 டிசம்பரில் விடுதி உணவால் நோயுற்ற பெண் தொழிலாளர்களுக்காக அதே நெடுஞ்சாலையில் பெண்கள் இரவு முழுதும் உட்கார்ந்தார்கள். 2024-ல் சுங்குவார்சத்திரத்தில் சங்க அங்கீகாரம் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் நடந்தது. உணவு, உறைவிடம், சங்கம் வைக்கும் உரிமை என்று 1940-களில் முத்தரப்பு மாநாட்டு மேசையில் பேசப்பட்டவை 2020-களில் சாலையில் பேசப்பட்டன.

ரேஷன் அட்டை சொல்லும் பாடம்

இப்போது மற்ற அட்டைக்கு வருவோம். போர்க்காலப் பங்கீட்டை 1952-ல் ராஜாஜி அரசு நீக்கியது. 1960-களின் உணவு நெருக்கடியில் பங்கீடு மீண்டும் தேவைப்பட்டது. 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்தது. 1997-ல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று மக்களைப் பிரித்தபோது தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. அட்டை எல்லோருக்கும் என்ற நிலை இங்கே தொடர்ந்தது. 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது.

ரேஷன் கடையில் குறையே இல்லை என்று எவரும் சொல்ல மாட்டோம். எடை குறையும், அரிசி கறுக்கும், கடை ஊர்த்தெருவில் இருந்தால் நம் பெண்கள் வரிசையில் நிற்பதிலும் சாதி இருக்கும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். ஒப்பந்தம் முடிந்தால் ரேஷன் அட்டை செல்லாமல் போவதில்லை. மேஸ்திரி மாறினால் அரிசி நிற்பதில்லை. எல்லோருக்கும் என்று ஆன பிறகு ஒருவரை மட்டும் விலக்குவது கடினம். விலக்குகிறவர்தான் காரணம் சொல்ல வேண்டும். ஆலை வாசல் அட்டையிலோ, தான் உள்ளே இருந்ததை நாம் நிரூபிக்க வேண்டும். சாட்சி சொல்லும் சுமை யார் தலையில் விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பல தலைமுறைகளாக அந்தச் சுமையைச் சுமந்தவர்கள் நாம்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது தெளிவு. இ.எஸ்.ஐ. தரும் பலன்கள் ரேஷன் அட்டையைப் போல ஆளோடு வர வேண்டும். நோய்க்கால ஊதியம், மகப்பேற்று ஊதியம், விபத்து ஈடு, வேலையிழப்பு உதவி ஆகியவை நாற்று நடுபவருக்கும் உண்டு, கழிவறை கழுவுபவருக்கும் உண்டு, ஆலையில் பொருத்துபவருக்கும் உண்டு என்றாக வேண்டும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இ.எஸ்.ஐ.க்குப் பொதுவாகப் பத்துப் பேர் என்ற வாசலையே வைத்திருக்கிறது. அமைப்புசாராத் தொழிலாளருக்கு அரசு திட்டங்கள் வகுக்கலாம் என்கிறது. உரிமைக்கும் திட்டத்துக்கும் இடையே 1948-ல் விழுந்த கோடு இன்னும் அழியவில்லை.

இன்றே செய்யக்கூடியவை

பெரிய கோரிக்கை நிறைவேறும் வரை சும்மா இருக்க முடியாது. இருக்கும் சட்டத்திலேயே பிடிமானம் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளருக்கான சந்தாவை முதலில் கட்ட வேண்டிய பொறுப்பு முதன்மை முதலாளியுடையது என்பது இ.எஸ்.ஐ. சட்டத்தின் விதி. ஒப்பந்ததாரர் ஓடிவிட்டார் என்பது பதிலாகாது.

மாணவ நண்பர்களே, உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. நம் தெருக்களில் ஆலை வேலைக்குப் போகும் ஒவ்வொருவரின் காப்பீட்டு எண்ணையும் கேளுங்கள். இந்த ஆறு மாதத்தில் எத்தனை நாள் சந்தா ஏறியிருக்கிறது என்று அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். ஒருவருக்கு இரண்டு எண் இருந்தால் இணைக்க மனு எழுதிக் கொடுங்கள். ஊதியச் சீட்டு, வருகைப் பதிவு, அடையாள அட்டை ஆகியவற்றைப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிடித்தம் செய்துவிட்டுக் கட்டாமல் இருந்தால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். செயல்பாட்டாளர்களே, கிராம சபையில் இதைப் பொருளாக வையுங்கள். ஆதிதிராவிடர் நலத்துறைக்கும் தொழிலாளர் துறைக்கும் ஒரே மனுவை அனுப்புங்கள். 1949-ல் பிரிந்த இரண்டு மேசைகளும் ஒரே மனிதருக்குப் பதில் சொல்லட்டும்.

போர் நடந்ததால் நல அரசு வந்தது என்றோம். போர் தானாக எதையும் கொடுக்கவில்லை. அரசுக்கு நம் உழைப்பு தேவைப்பட்ட நேரத்தில் அண்ணல் போன்றோர் அந்தத் தேவையைச் சட்டமாக எழுதவைத்தார்கள். இன்று உலகச் சந்தைக்குக் கைப்பேசியும் காரும் தேவைப்படுகின்றன. அதற்கு இந்தப் பகுதியின் கைகள் தேவைப்படுகின்றன. நம் உழைப்பு தேவைப்படும் நேரம் இதுவும்தான். 1930-ல் தாத்தாவும் அண்ணலும் இலண்டனில் வைத்த கோரிக்கை இன்னும் மேசையில் இருக்கிறது: நம் நலனைப் புறக்கணித்தால் முறையிட எங்களுக்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை உண்டாக்கும் வேலையை இங்கிருந்து தொடங்குவோம்.

ஜெய் பீம்.